காற்றுப் பெட்டியை வைத்த இடம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், அத்தனை தூரத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சரியாகத் தூங்கி, யாரோடும் மனஸ்தாபம் இல்லாமல் சுகமாக இருப்பாய் என்ற நினைப்போடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். இந்த வாரம் நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா சொல்லியிருப்பார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். போனில் நீ வேகமாகப் பேசுவாய், நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன், வைக்கும்போது நீ சொன்னதுதான் சரி என்று எனக்கே தோன்றிவிடும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவின் முட்டி வலி தேவலை. இனிமேல் ஏணியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, ஏணியில் ஏறாத எலக்ட்ரீஷியனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்திருக்கிறார். உன் அறையில் இப்போது அப்பாவின் ஒயர்ச் சுருள்கள் குடியிருக்கின்றன, வாடகைதான் தருவதில்லை. மாடி வீட்டுத் தையல்காரம்மா உன் பழைய சட்டைகளை வெட்டித் தலையணை உறை தைத்துத் தந்தாள், அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையும் அதில் போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் அத்தை மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், அத்தை பின்சீட்டில் உட்கார்ந்து அவளுக்கு முன்னால் பிரேக் போடுகிறாளாம். இதெல்லாம் நல்ல சேதி. இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி.

நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தை நீ பார்த்து வெகுநாளாகிறது. நீ தவழ்ந்த அதே அறைதான், ஆனால் நீ படிக்கப் போன பிறகு பக்கத்துக் காலி மனையில் அலுவலகக் கட்டடம் வந்துவிட்டது. அதன் கீழ்த்தளத்தில்தான் வண்டிகளை நிறுத்துகிறார்கள், அங்கிருந்து மேலே ஏறிவரும் சரிவுப் பாதை சின்னக் குழந்தைகள் அறையின் ஜன்னலை ஒட்டிப் போகிறது. ஒவ்வொரு வண்டியும் உறுமிக்கொண்டு ஏறிவந்து, சாலையில் இடைவெளி கிடைக்கும் வரை ஜன்னலுக்கு நேராக நிற்கும். புகைக்குழாய் இருக்கும் உயரமும் எங்கள் ஜன்னல் விளிம்பு இருக்கும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. போதாததற்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்களும் ஒரு நிமிஷம்தானே என்று எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்துவார்கள். அந்த வருஷம் பெற்றோர்கள் எல்லோரும் கூடி, உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். காப்பகத்தை நடத்தும் பெரியக்கா உடனே காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றும், காற்றை அளந்து விளக்குக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கினார், அப்பாதான் வந்து மாட்டிக் கொடுத்தார். பச்சை எரிந்தால் நல்ல காற்று, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் கெட்டது. வாங்கியதிலிருந்து பச்சையைத் தவிர வேறு நிறத்தை அது காட்டியதே இல்லை. பிள்ளைகள் காலையில் வந்ததும் அதற்குக் கையாட்டுவார்கள்.

அங்கே ஒரு பையன் இருக்கிறான், இரண்டரை வயது, வாசல் காவலாளி அவனுக்கு வானொலி என்று பெயர் வைத்திருக்கிறார். காலையில் அம்மா இடுப்பிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவான், வழியில் பார்த்த நாய், அப்பா தொலைத்த செருப்பு, நேற்று பெய்த மழை எல்லாம் வரிசையாக வரும். அவனுடைய அம்மா பேருந்து ஓட்டுகிறாள். வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயில் முகம் கைகால் கழுவி, பையில் வைத்திருக்கும் வேறு சட்டையை மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குவாள், புகை வாடையோடு தொட மாட்டாள், அப்படிப்பட்டவள். இந்தக் குளிர்காலம் முழுக்க வானொலிக்கு இருமல் விடவில்லை. படுத்தால் இருமல், ஓடினால் இழுப்பு, தூக்கம் இல்லாததால் பகலெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். பேச்சு குறைந்துவிட்டது. வானொலியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறார்களா என்று காவலாளி கேட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் அவன் அம்மாவோடு நானும் டாக்டரிடம் போனேன். அந்த டாக்டரம்மா பொறுமையானவர். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள், அவர்கள் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்று உள்ளே போகிறது, நுரையீரல் வளர்ந்துகொண்டே இருக்கும் வயது, அதோடு தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அதனால் நமக்கு ஒன்றும் செய்யாத புகை அவர்களைப் படுத்திவிடும் என்று விளக்கினார். கெட்ட காற்றிலேயே நாள்பட வளர்கிற பிள்ளைகளுக்கு நுரையீரல் முழு வளர்ச்சி பெறாமல் போகலாம், கவனமும் கற்றுக்கொள்வதும்கூடப் பின்தங்கலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன என்றார். இந்தப் பையனுக்கு இதனால்தான் என்றும் சொல்ல மாட்டேன், இதனால் இல்லை என்றும் சொல்ல மாட்டேன், பகல் முழுக்க இவன் எந்த அறையில் இருக்கிறான், அங்கே காற்று எப்படி என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், அன்றைக்குத் தலை நிமிர்ந்து, எங்கள் அறையில் காற்று நன்றாக இருக்கிறது டாக்டர், அளந்து பார்க்கப் பெட்டியே வைத்திருக்கிறோம் என்றேன். அப்படியானால் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது, ஈரச் சுவர், தூசி, பழைய மெத்தை எல்லாவற்றையும் பாருங்கள் என்றார் அவர். அவள் அந்த வாரமே லீவு போட்டு வீட்டுச் சுவரையெல்லாம் சுரண்டி வெள்ளையடித்தாள். மெத்தையை எறிந்தாள். அவன் பிறந்ததிலிருந்து கட்டிக்கொண்டு தூங்கிய துணிக் கரடி ஒன்று இருந்தது, தூசி சேரும் என்று அதையும் குப்பையில் போட்டாள். கரடி ஊருக்குப் போயிருக்கிறது என்று அவன் என்னிடம் வந்து சொன்னான். அன்றைக்கு அவன் பேசியது அது ஒன்றுதான்.

இப்போது பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரத்தையும் பெட்டியையும் யாரும் தொடக் கூடாது, தொட்டால் வாரண்டி போய்விடும் என்பது பெரியக்கா போட்ட சட்டம். நான் சட்டம் என்றால் சட்டம் என்று இருப்பவள், தூசி துடைக்கக்கூடத் தொட்டதில்லை. போன வாரம் மேனேஜர், அவனும் ஒரு பொடியன்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றிவருவதால் அந்தப் பெயர், இயந்திரத்துக்கு அடியில் ஒரு கோப்பைப் பாலைக் கவிழ்த்துவிட்டான். துடைத்தாக வேண்டும். நகர்த்தினேன், மேலே ஆணியில் தொங்கிய பெட்டி என் தோளில் விழுந்தது. உடையவில்லை. கை ஈரமாக இருந்ததால் ஜன்னலுக்குக் கீழே பிள்ளைகளின் செருப்புத் தட்டில் வைத்துவிட்டுத் துடைத்தேன். சாயங்கால நேரம், வெளியே வண்டிகள் ஏற ஆரம்பித்திருந்தன. திரும்பிப் பார்த்தால் மஞ்சள். துணியைப் பிழிந்துவிட்டு வந்தால் சிவப்பு. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, காற்று கெட்டிருக்கிறது என்று தோன்றவே இல்லை, பெட்டியை உடைத்துவிட்டேன் என்றுதான் பயந்தேன். யாரும் பார்ப்பதற்குள் சாப்பாட்டு டப்பாவோடு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ரகசியமாக அப்பாவிடம் கொடுத்துச் சரிபண்ணிவிடலாம் என்று எண்ணம். அப்பா அன்று வர நேரமாயிற்று. அதற்குள் நம் வீட்டு மேசையில் பெட்டி பச்சையாகிவிட்டது. எண்ணெய் காய்ந்தபோது கொஞ்சம் மஞ்சள் காட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்ததும் மறுபடி பச்சை. தானாகவே சரியாகிவிட்டது, தப்பித்தோம் என்று யாரிடமும் சொல்லாமல் மறுநாள் எடுத்துப் போய் ஆணியில் மாட்டினேன். அங்கேயும் பச்சை.

அதோடு விட்டிருக்கலாம், மனசு விடவில்லை. செருப்புத் தட்டுக்குக் கொண்டுபோனேன், சிவப்பு. பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் பாயில் வைத்தேன், அங்கேயும் சற்று நேரத்தில் சிவப்பு. ஆணிக்குக் கொண்டுவந்தேன், பச்சை. அப்போதுதான் பெட்டி தொங்கும் இடத்தில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இயந்திரத்தின் வாயிலிருந்து வரும் காற்று நேராகக் கையில் வந்து மோதியது. அந்தப் பெட்டி அறையின் காற்றை ஒருநாளும் முகர்ந்ததே இல்லை, இயந்திரம் சுத்தம் பண்ணித் துப்பியதை மட்டும் முகர்ந்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் நல்ல பெயர் கொடுத்துக்கொண்டிருந்தது. பச்சையைப் பார்த்துத்தான் நான் தூக்க வேளையில் ஜன்னலை வேறு திறந்து வைத்தேன், பிள்ளைகளுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று.

அப்பா தெரியாமல் மாட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, காப்பகத்துப் பெட்டியைத் தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா என்று கேட்டேன். அவர் தட்டிலிருந்து முகத்தை எடுக்காமல், அது அங்கேதான் இருக்க வேண்டும், நீ தொடாதே என்றார். ஏன் என்றேன். சும்மா இரு என்றார். மறுபடி கேட்டேன். அப்பா என்னிடம் எதையும் நேராகச் சொல்லாவிட்டாலும் பொய் சொல்ல மாட்டார், அது உனக்கும் தெரியும். முதலில் ஜன்னல் பக்கம்தான் மாட்டியிருக்கிறார். பெட்டி வந்த அன்று சாயங்காலமே, நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, சிவப்பு எரிந்திருக்கிறது. பெரியக்கா பதறிப்போய், இதற்கு ஏதாவது வழி பண்ணுங்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். அப்பா உனக்குப் போன் செய்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "உன் பிள்ளைதான் சொன்னான், மெஷின் வாய்க்கு நேரா மாட்டுங்கப்பா, எப்பவும் பச்சைதான் காட்டும்னு. அவன் படிச்ச படிப்பே அதுதானே."

உன்னை நம்பக்கூடாது என்று எனக்கு எப்படித் தோன்றும் சொல். நீ விளையாட்டாகச் சொல்லியிருப்பாய், அப்பா தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார் என்று எனக்குள் உனக்காக வாதாடிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். அப்போது அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, உனக்குத் தெரிய வேண்டாம் என்று அவன்தான் சொன்னான் என்றார். என்ன சொன்னான், அப்படியே சொல்லுங்கள் என்றேன். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. அம்மாவுக்குத் தெரிஞ்சா முகத்துலயே தெரிஞ்சிடும். அம்மா நம்பினாத்தான் அங்க எல்லாரும் நம்புவாங்க."

நீ என்னைப் பற்றிச் சொன்னது சரிதான் கண்ணா. எனக்கு மறைக்கத் தெரியாது. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், உன்னை மடியில் போட்டுக்கொண்டு தபாலில் படித்து வாங்கியது, இருந்தும் நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் அதிகம் பேசாததால்தான் பேசியதை எல்லோரும் நம்பினார்கள். அந்த ஒன்றைத்தான் நீ எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறாய். பெட்டியை மட்டும் மெஷின் வாய்க்கு நேராக மாட்டவில்லை, என்னையும் சேர்த்துத்தான் மாட்டியிருக்கிறாய். வேறு யாராவது செய்திருந்தால் படிக்காதவன், புரியாமல் செய்தான் என்று ஆறுதல் பட்டுக்கொள்வேன். நீ இதையே படித்தவன். படிக்காமலே உனக்குத் தெரியும், சின்ன வயதில் உனக்கு இழுப்பு வந்தால் விலாவுக்கு நடுவில் சதை குழிந்து குழிந்து போகும், பேச முடியாமல் என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே கேட்பாய். அதனால்தான் காற்றைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்றாய், நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன மாதம் புது வீடு பார்க்கும்போது, பெரிய சாலை ஓரமாக இருக்கிறது, காற்று சரியில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் அம்மா என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டு நான் பூரித்துப் போனேன்.

பெரியக்காவிடம் போய் நின்றேன். அவரை எதிர்த்து நான் பேசியதே இல்லை, வேலை கொடுத்தவர், நீ காய்ச்சலில் கிடந்தபோது என் வேலையையும் சேர்த்துச் செய்தவர். அவர் மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "உன் வீட்டுக்காரரும் உன் பிள்ளையும் சேந்து செஞ்சது, உனக்குத் தெரியாதுன்னு நான் எப்படிம்மா நினைப்பேன்" என்றார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம். இத்தனை நாளும் என்னைக் கூட்டாளி என்று நினைத்துக்கொண்டுதான் சிரித்துப் பேசியிருக்கிறார். பிறகு நிதானமாகக் கேட்டார், இதைச் சொன்னால் நாளைக்கே மூடச் சொல்வார்கள், இந்த அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகளை எங்கே விடுவார்கள், தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்களா, அடுத்த தெருவில் இருக்கும் காப்பகத்தில் ஜன்னலே இல்லையே என்று. ஆனால் இந்தக் கேள்வியை அந்த அம்மாக்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும், அவர்களுக்காக நாமே பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். இப்போதைக்குக் காப்பகத்தின் பின்பக்கம், வண்டிப் புகை வராத இடத்தில் இருக்கும் சாமான் அறையைக் காலி செய்து, இயந்திரத்தையும் பாய்களையும் அங்கே மாற்றிவிட்டோம். இடம் நெருக்கம்தான், ஆனால் பாயில் வைத்தாலும் பெட்டி பெரும்பாலும் பச்சை காட்டுகிறது. அப்பா அவராகவே வந்து அந்த ஆணியைப் பிடுங்கிப் போட்டார். காலையில் முட்டி வலியோடு வாசலில் நின்று, எஞ்சினை அணையுங்கள் என்று ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் சொல்கிறார். ஒருவர், நீ என்ன போலீஸா என்று கேட்டதற்கு, இல்லை, எலக்ட்ரீஷியன், அணைக்கத் தெரியாவிட்டால் நான் வந்து அணைத்துத் தருகிறேன் என்றாராம். அவரோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு போடுகிறேன், அவ்வளவுதான்.

வானொலியின் அம்மாவிடம் முந்தாநாள் சொல்லிவிட்டேன். மற்றவர்களிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்வதுதான் முறை. முகம் கழுவி, சட்டை மாற்றி, பிள்ளையைத் தூக்கப் போனவளை நிறுத்தி, பின்பக்கக் குழாயடியிலேயே நின்று சொன்னேன். பெட்டி எங்கே தொங்கியது, நான் டாக்டரிடம் சொன்னது எவ்வளவு தப்பு, மறுபடி டாக்டரைப் பார்க்க நானும் வருகிறேன் என்பது வரை சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கழற்றிய சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். "உங்க முகத்தப் பாத்துட்டுத்தான் அக்கா தினமும் விட்டுட்டுப் போனேன்" என்றாள். மடித்த சட்டையைப் பையில் வைத்துக்கொண்டே, "கரடியத் தூக்கிப் போட்டுட்டேனே" என்றாள். அவ்வளவுதான். அதற்கு நான் என்ன சொல்ல முடியும் கண்ணா, நீ சொல்.

போகும்போது கேட்டாள், அதை அங்கே மாட்டச் சொன்னது யார் என்று. பெரியக்கா ஏதாவது வழி பண்ணச் சொன்னார், என் வீட்டுக்காரர் மாட்டினார் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நான் அப்படி மறைத்தது என் முகத்தில் தெரியவே இல்லை போலிருக்கிறது, அவள் நம்பிவிட்டாள். இத்தனை வயதுக்கு மேல் எனக்கும் அது வந்துவிட்டது பார், உன்னால் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ மாதிரி இருந்தது.

இன்னொரு தடவை அதை நான் செய்ய மாட்டேன். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் எல்லாப் பெற்றோர்களையும் கூட்டியிருக்கிறோம், பெரியக்காவும் கடைசியில் சம்மதித்துவிட்டார். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும், தபால்காரரிடம் கேட்டுத்தான் அனுப்புகிறேன். யார் சொன்னார்கள் என்று அங்கேயும் கேட்பார்கள். நான் சொல்லப்போகிறேன் என்பதை உனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மரியாதையை நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லை, நான் உனக்குக் கொடுக்கிறேன். என் போனை மேசைமேல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருப்பேன். அது அடித்தால், நீ செய்ததை நீயே உன் வாயால் சொல்லு, அதற்குப் பிறகு அந்த ஜன்னலை, அந்த அறையை, அந்தப் பெட்டியை என்ன செய்ய வேண்டும் என்று நீ படித்ததை அவர்களுக்கும் சொல்லு, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லு, திட்டினால் கேட்டுக்கொள். அடிக்காவிட்டால் நான் எழுந்து நின்று சொல்வேன். கூட்டத்தில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்வேன். நீ என் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் உன் குரலைக் கேட்டால் ம் ம் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா இனிமேல் இல்லை, அதை மட்டும் தெரிந்துகொள்.

குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, பழைய இழுப்பு திரும்ப வந்தால் அலட்சியமாக இருக்காதே, மருந்து கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எந்த ஊரில் இருந்தாலும் நெஞ்சு நிறைய நல்ல காற்றும், ராத்திரி படுத்ததும் வருகிற தூக்கமும் உனக்கு வாய்க்க வேண்டும், என்ன நடந்தாலும் அம்மா கேட்டுக்கொள்வது அதுதான். கூட்டம் ஆறு மணிக்கு. அங்கே அப்போது உனக்கு விடிந்தே இருக்காது, அலாரம் வைத்துக்கொண்டு எழுந்திரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா